மலைபடுகடாம் படிக்க முதலில் காதைத் திறவுங்கள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பர்வதமலை தெரியும். மலைபடுகடாம் சொல்லும் நவிர மலை இதுதான் என்பார்கள். நன்னன் என்ற அரசனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிப் பாட்டு; சங்க நூலான பத்துப்பாட்டில் ஒன்று. இதைக் கையில் எடுக்கிறவர்கள் உடனே வேங்கை, காந்தள், மந்தி, தேன் என்று கருப்பொருள் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். பாட்டு மனதில் இறங்க வேறு வழி இருக்கிறது. போன கோடை விடுமுறையில் என் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது.

முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். 348ஆம் அடியில் ‘மலைபடு கடாஅம் மாதிரத்து இயம்ப’ என்று வரும். அதற்கு முந்தைய ஐம்பது, ஐம்பத்தைந்து அடிகளை எடுத்துக்கொண்டு, பொருள் பார்க்காமல் இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள். மூன்றாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்து ஓதை, பூசல், பாடல், குரல், இசை என்று ஒலியைச் சொல்லும் சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். பக்கம் முழுக்கக் கோடாகிவிடும்.

சரி, ஏன் இத்தனை ஒலி? கேட்கிறவர்கள் யார் என்று பாருங்கள். வாத்தியங்களைச் சுமந்து நடக்கிற கூத்தர்கள். அருவியில் தெய்வ மகளிர் குடைந்தாடும் ஓசையை ‘நும் இயம் போல் இன் இசை’ என்கிறார் புலவர். உங்கள் வாத்தியம் மாதிரியே கேட்கும் என்கிறார். இசைக்காரர்களுக்கு வழி சொல்வதால் மலையைக் காதுக்குக் காட்டுகிறார்.

அப்புறம்தான் குறியீடு. வேங்கை என்றால் இது, காந்தள் என்றால் அது என்று முன்கூட்டியே பொருள் ஒட்டாதீர்கள். ஒரு படிமத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புலி பாய்ந்து கணவன் மார்பில் உண்டான புண் ஆற மலைப்பெண்களான கொடிச்சியர் பாடுகிறார்கள். அடுத்த அடியிலேயே, அன்று முதலாகப் பூத்த வேங்கையைச் சூடுவதற்காகப் பெண்கள் போடும் ‘ஏமப் பூசல்’. பூவைப் பார்த்துப் ‘புலி, புலி’ என்று மகிழ்ந்து கூவுவதாக உரை சொல்கிறது. (‘மலைமார்’ என்பதை மலைவாசிகள் என்று எடுத்துவிடாதீர்கள். சூடுவதற்கு என்று பொருள்.) அதை அடுத்து மறுபடியும் நிஜப் புலி, கன்றோடு நிற்கும் பெண்யானையின் மேல் பாய்கிறது. இரண்டு நிஜப் புலிகளுக்கு நடுவே ஒரு பூப்புலி. அந்தச் சிரிப்பில் எவ்வளவு பயம் கலந்திருக்கிறது என்பதை எந்தக் கருப்பொருள் பட்டியலும் சொல்லாது.

என் பேத்தி நின்றுவிட்ட இடம் மந்தி, அதாவது பெண்குரங்கு. ‘கைக்கோள் மறந்த கருவிரல் மந்தி’. பிடி நழுவி, இன்னும் தாவக் கற்காத குட்டி மலைப்பிளவில் விழுந்துவிடுகிறது. ‘கல்லாப் பார்ப்பு’ என்று ஒரே சொற்றொடரில் அந்தக் குட்டியை நம் கையில் கொடுத்துவிடுகிறார் புலவர். இனம் கூடி அலறுகிறது. “தாத்தா, அடுத்தது என்ன?” என்றாள். அடுத்தது தேன் எடுப்பவர்களின் ஆரவாரம். ‘கலை கையற்ற’ நெடுவரை, ஆண்குரங்கும் ஏற முடியாமல் கைவிட்ட பாறை. அதில் மூங்கில் கண்ணேணி நட்டு மனிதன் ஏறுகிறான். கைக்கோள் என்று ஒரு கை, கையற்ற என்று ஒரு கை. விழுந்த குட்டியை மறக்காமல் படித்தால், அந்தத் தேன் ஆரவாரம் கேட்கும்போது வயிறு கலங்கும். இந்த இரண்டு படிமங்களையும் தனித்தனியாக மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

கரும்பாலை, வள்ளைப்பாட்டு (உலக்கைப் பாட்டு), பன்றிப்பறை (பன்றி விரட்டும் பறை) ஆகியவற்றின் ஒலிகளை வேகமாகக் கடக்கலாம்.

கடைசியாக ‘கடாம்’. யானையின் மதநீர். உ.வே.சா. 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரை இருக்கிறது. மலையை யானையாகவும் அதில் பிறக்கும் ஓசையை மதமாகவும் கொண்டதால் வந்த பெயர் என்கிறார் நச்சினார்க்கினியர். அழுகை, சிரிப்பு, பறை எல்லாம் சேர்ந்து ஒழுகுகிற மதம். இப்போது முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். கூத்தர் சுமக்கும் வாத்தியங்களில் யானை மூச்சுவிடுவது போல ஒலிக்கும் ‘களிற்றுயிர்த் தூம்பு’ இருக்கும். அதற்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 348 என்று எழுதி வையுங்கள்.