தோளும் தாடையும் இறுகிக் கிடக்கிறதா? படுத்தபடியே செய்யும் தளர்வுப் பயிற்சி

வேலை நெருக்கடி மனதோடு நிற்பதில்லை. அட்ரினலின் சுரந்ததும் தோள் காதை நோக்கி ஏறும், தாடை இறுகும். தினமும் இதே கதை என்றால் தசைகள் தளர நேரமே இருக்காது. மாலையானால் நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் வரும் தலைவலி எனக்கு இப்படித்தான் வந்தது. கைகொடுத்தது, சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை: தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கி, பிறகு தளர விடுவது. 1929-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். அவருடைய மூலப் பயிற்சி ரொம்ப நீளம். பின்னாளில் சுருக்கிய வடிவம்தான் இது. கால் மணி நேரம் போதும்.

தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். மெத்தை வேண்டாம், தூங்கிவிடுவீர்கள்.

வலது கையை முஷ்டியாக்கி 5 விநாடி இறுக்குங்கள். முக்கால் பலம் போதும். மூச்சை அடக்காதீர்கள்.

இப்போது சட்டென்று விடுங்கள். விரல்களை மெல்ல மெல்லப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரிக்கும்போதும் தசை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். விட்ட பிறகு 20, 30 விநாடி சும்மா கிடங்கள். பலரும் சொதப்புவது இங்கேதான்: இறுக்குவதை ஒழுங்காகச் செய்துவிட்டு, உடனே அடுத்த கைக்குத் தாவிவிடுவார்கள். பயிற்சியே இந்தச் சும்மா கிடப்பதில்தான் இருக்கிறது. இறுகியிருந்தபோது கை எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் நாளைக்கு மீட்டிங்கில் தோள் ஏறும்போதே உங்களுக்குத் தெரியவரும்.

அப்புறம் இதேபோல் இடது கை, புஜங்கள், நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கால். தாடைக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டாம், லேசாகச் சேர்த்தாலே போதும்.

இதற்கென்று செயலிகள் நிறைய உண்டு. பின்னணியில் புல்லாங்குழல் வாசிக்கும் எதுவும் எனக்கு ஒத்துவராது. கவனம் பாட்டுக்குப் போய்விடும். இந்தப் படிகளை உங்கள் குரலிலேயே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று சிலர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தீர்கள். பாதத்தை முன்னால் நீட்டி இறுக்கினால் அப்படித்தான் ஆகும். கால்விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர்கள் அந்த இடத்தை இறுக்காமல் விட்டுவிடலாம். தலைவலி திடீரென்று கடுமையாக வந்தாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை மங்கினாலோ பாயை எடுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.