அங்க அடையாளம் எழுதும்போது விடக்கூடாத பிழைகள்

போன வாரம் முள்ளியவளையில் இரண்டு பிள்ளைகள், காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படிவத்தைத் தாயிடம் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கறையான பிள்ளைகள். ஆனாலும் பத்து வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழையை விட்டார்கள். எழுத்துப்பிழையை யாரும் திருத்திவிடலாம். இது அப்படியல்ல.

யாருடைய இடது?

தாய் தன் இடது புருவத்தைத் தொட்டு, "இந்தப் பக்கம் ஒரு வெட்டு" என்றார். எதிரே இருந்த பிள்ளை தன் கைப்பக்கத்தைப் பார்த்து "வலது" என்று எழுதியது. தாயோ, மகனை எதிரில் நிறுத்தி நினைத்துப் பார்த்துத் தொட்டிருக்கலாம். அப்படியென்றால் வலதுதான் சரி. தன் உடம்பிலேயே காட்டியிருந்தால் இடது. கேட்காமல் எப்படித் தெரியும்?

2014இல், காணாமல்போனோர் பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் கிளிநொச்சி அமர்வுகளுக்காக ஒரு தாய்க்கு மனு எழுதினேன். மகனின் வலது கெண்டைக்காலில் தழும்பு என்று எழுதிக் கொடுத்தேன். முன்பு வேறொருவர் எழுதிய மனுவில் இடது கால் என்று இருந்தது. "எது உண்மை?" என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் என்னிடம், "நான்தான் மறந்துபோனேனோ, பிள்ளை?" என்றார். அந்தக் காயத்தைக் கிணற்றடியில் கழுவி மருந்து கட்டியவர் அவர். என் அவசரத்தால் தன் நினைவையே சந்தேகிக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. பேரனை அவருக்கு முதுகு காட்டி நிற்கவைத்துக் கேட்டேன். யோசிக்காமல் குனிந்து தொட்டார். இடது கால்.

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். வீட்டில் ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து தொடச் சொல்வேன். பிறகு, "மகனுடைய சோற்றுக்கைப் பக்கமா, மற்றப் பக்கமா?" என்று கேட்பேன். இரண்டும் ஒத்துவந்தால்தான் பேனாவை எடுப்பேன். புகைப்படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆண்களின் சட்டைப்பை வழக்கமாக இடது மார்பில் இருக்கும். படத்தில் அது அவருடைய வலது மார்பில் இருந்தால், படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கக்கூடும்.

மாநிறம், நடுத்தர உயரம்

வன்னியில் பாதிப்பேருக்குப் பொருந்தும். வீட்டில் யார் அதே உயரம் என்று கேட்டு, அவரை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள்.

தோலோடு நிறுத்துவது

2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்காக வெட்டிய இடத்தில் மனித எலும்புகளும் உடுப்புகளும் வெளிப்பட்டன. நிறமும் மச்சமும் மண்ணில் நிற்காது. சிறுவயதில் கை முறிந்ததா, எந்தப் பல் பிடுங்கியது, உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக உடுத்தியிருந்ததையும் கேளுங்கள். ஒரு தாய், மகனின் நீலக் காற்சட்டையின் இடுப்பைக் கறுப்பு நூலால் பிடித்துத் தைத்ததாகச் சொன்னார். நூலின் நிறத்தையும் எழுதினேன். ஆனால் கேட்கும்போது "எலும்பு" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். பெரும்பாலான தாய்மார் உயிரோடுள்ள மகனைத்தான் தேடுகிறார்கள்.

வயது

பிறந்த தேதியை எழுதுங்கள்.

"இருந்தது"

தாய் "கன்னத்தில் மச்சம் இருக்கிறது" என்று சொன்னால், "இருக்கிறது" என்றே எழுதுங்கள்.