துடைப்பத்தைக் கீழே வையுங்கள்

சிங்கப்பூரில், காட்டை ஒட்டிய புக்கிட் தீமா பக்கம் குடியிருந்தபோது ஒருநாள் காலை, சமையலறை மேடையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே ஒரு கூட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஓடிப்போய் சன்னலைச் சாத்தினேன். வந்த வழி அடைபட்டதும் அது அலமாரிக்கும் குளிர்பதனப் பெட்டிக்குமாகத் தாவ ஆரம்பித்தது. தோசை மாவு தரையெல்லாம். கடைசியில் சன்னலைத் திறந்துவிட்டு நான் அறைக்குள் போய்விட்டேன். ஒரு நிமிடத்தில் அது போய்விட்டது.

நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான். வழியை அடைத்துவிட்டு, "போ, போ" என்கிறோம். அல்லது வாசலிலேயே துடைப்பத்தோடு நிற்கிறோம். நீங்கள் வாசலில் நின்றால் அது எப்படிப் போகும்? பிள்ளைகளையும் நாயையும் ஓர் அறைக்குள் அனுப்புங்கள். மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, வெளியே போகும் வழியை மட்டும் திறந்து வைத்து விலகி நில்லுங்கள். குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கான அழைப்பு.

வெளியே கூட, கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்குக்கு அது சாப்பாடுதான். இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது மனிதர்கள். ஆஞ்சநேயர் என்று வாழைப்பழம் நீட்டுவது, அமாவாசைச் சோற்றைத் தாழ்வாரச் சுவரில் வைத்துவிட்டுப் போவது எல்லாம் பக்திதான், மறுக்கவில்லை. ஆனால் காகத்துக்கு வைத்த சோற்றைப் பாதி நேரம் புறாதான் தின்கிறது. வனவிலங்குச் சட்டப்படி புறாவுக்குத் தீனி போடுவதும் குற்றமே. முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடியும் சிக்கினால் 10,000 வரை.

கூரைக்கு மேல் இரவில் தடதடவென்று சத்தம் கேட்டால் அனேகமாக மரநாய், மலாய்க்காரர்கள் சொல்லும் முசாங். பழுத்த மாம்பழமும் ரம்புத்தானும் அதற்குப் பிடிக்கும். இங்கே நடக்கும் தவறு கொஞ்சம் கொடுமையானது. தாய் இரை தேடப் போன நேரத்தில் ஆள் வைத்து ஓட்டையை அடைத்துவிடுவார்கள், குட்டிகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். திரும்பி வந்த தாய் ஓடுகளைப் பிய்க்கும், குட்டிகள் செத்தால் நாற்றம் வேறு. குட்டி இல்லை என்று உறுதியான பிறகே அடையுங்கள். விழுந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கிவிடுங்கள்.

பாம்பு என்றால் நம் ஆட்களுக்குக் கம்பு தேடத்தான் தோன்றும். சாக்கடையில் சுருண்டிருக்கும் மலைப்பாம்பு எலிக்காக வந்தது, உங்களுக்காக அல்ல. அதைவிட ஆபத்து, போனை நீட்டிக்கொண்டு படம் எடுக்கக் கிட்டே போவது. இங்குள்ள கருநிற நாகம் ஒன்று விஷத்தைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு, ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.

மீன்குளம் வைத்திருப்பவர்களுக்கு நீர்நாய்க் கவலை தெரியும். குளத்தின்மேல் வலையைச் சும்மா விரித்துப் போட்டால் போதாது. கேட்டுக்கு அடியிலுள்ள இடைவெளியை முதலில் அடையுங்கள்.

சிலர் தாங்களே கூண்டு வைத்துப் பிடித்து, வண்டியில் கொண்டுபோய்க் காட்டோரம் விட்டுவிடலாம் என்பார்கள். அனுமதியில்லாமல் காட்டு விலங்கைப் பிடிப்பதும் இங்கே குற்றம்தான். தானாகப் போகாத விலங்குக்குத் தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். என்ன விலங்கு, எங்கே பதுங்கியிருக்கிறது, அடிபட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள். ஆள் வரும்வரை தூரத்திலிருந்து அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும். பாம்பு அலமாரிக்கு அடியிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியாவிட்டால், வந்தவர் வீட்டையே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.