சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டால் செய்யக்கூடாத தவறுகள்

சைட்டில் கை நசுங்கிய ஆளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வழியிலேயே சில சூப்பர்வைசர்கள் பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: "டாக்டர் கேட்டா டோம் (தங்கும் விடுதி) பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, மிச்சத்தை பாஸ் பாத்துக்குவார்." இதற்குத் தலையாட்டுவதுதான் இருக்கிற தவறுகளிலேயே பெரிய தவறு. முதல் நாள் டாக்டர் எழுதும் குறிப்பைத்தான் பின்னால் இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். டோமில் விழுந்ததாக அதில் ஏறிவிட்டால், அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் மாற்றிப் பேசுவதாகத்தான் தெரியும். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மெஷினில் என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கையோடு சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, அடிபட்ட இடத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

"நான்தானே கவனிக்கலை, எந்த முகத்தோடு பணம் கேட்பது" என்று நம்ம ஆட்கள் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். விக்கா என்கிற வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் தப்பு என்று கேட்பதே இல்லை. குடிபோதை, அடிதடி மாதிரி விஷயங்கள் வேறு. கம்பெனி லாரியில் வேலைக்குப் போய்வரும்போது நடந்த விபத்துக்கும் கேட்கலாம்.

அடுத்தது கணக்கு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து எம்சி (மருத்துவ விடுப்பு) பணம் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்ளாதீர்கள், முந்தைய 12 மாதச் சம்பளச் சராசரியில் ஓடியும், அதாவது ஓவர்டைம் பணமும் சேரும். வெளிநோயாளி எம்சி 14 நாள் வரைக்கும், ஆஸ்பத்திரி விடுப்பு 60 நாள் வரைக்கும் முழுச் சம்பளம், அதற்கு மேல் விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை மூன்றில் இரண்டு பங்கு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் லைட் டூட்டிக்கும் (இலகு வேலை) இதே கணக்குதான். நிரந்தர ஊனத்துக்கு வரும் இழப்பீட்டையும் இதே சராசரியை வைத்துத்தான் போடுகிறார்கள், 40 வயது வரை அந்தச் சராசரியின் 181 மடங்கு, அதில் ஊனத்தின் சதவீதம் எவ்வளவோ அவ்வளவு. ஓடி சேர்த்து மாதம் 1,000 வெள்ளி சம்பாதித்த 30 வயதுக்காரருக்கு 5 சதவீத ஊனம் என்றால் 9,050 வெள்ளி வர வேண்டும். ஓடியை விட்டுவிட்டு 600 வெள்ளி என்று காட்டினால், சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பைப் பிடித்தாலும் (2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துக்கு, முழு ஊனத்துக்கு 1,16,000) அதில் 5 சதவீதமான 5,800தான் கையில் வரும். பே ஸ்லிப்பை ஏன் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம் என்று இப்போது புரியும். ஊன மதிப்பீட்டுக் கடிதத்தில் உள்ள சதவீதம் சரியில்லை என்று பட்டால், 14 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.

வொர்க் பெர்மிட்டை ரத்து பண்ணிவிட்டார்கள், இனி கேஸ் போட முடியாது என்று நினைத்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது இன்னொரு தவறு. வேலை போனாலும் விக்கா உரிமை போகாது, விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டால் போதும். கிளம்புவதற்கு முன் மனிதவள அமைச்சிடம், அதாவது எம்ஓஎம்மிடம் பேசுங்கள். ஏர்போர்ட்டுக்குப் போகும் வேனில் வைத்து நீட்டுகிற காகிதத்தில், அதுவும் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், கையெழுத்தே போடாதீர்கள்.

விக்காவில் கேட்க வக்கீல் தேவையில்லை. சிவில் கேஸ் போட்டு அதிகம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நிதானமாக யோசியுங்கள், ஒரே காயத்துக்கு இரண்டிலும் பணம் வாங்க முடியாது, சிவில் கேஸில் முதலாளி தப்பை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சம்பள பாக்கி இருந்தால் அது தனி, வேலையை விட்டு ஆறு மாசத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும், காயத்துக்கு உள்ள ஒரு வருஷக் கெடு அதற்குக் கிடையாது.