பயன்படுத்திய செக்ஸ் டாயை அமெரிக்காவில் ஆன்லைனில் விற்பது எப்படி: நான் செய்த முறை

நியூஜெர்சியிலிருந்து சியாட்டிலுக்கு வீடு மாறும்போது, அலமாரியின் கடைசி இழுப்பறையில் இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மாலை முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் ஆறு பொருட்கள். அதில் இரண்டு, உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று ஒரே முறை எடுத்துவிட்டு மூடி வைத்தவை, ஒன்றின் விலை 130 டாலர். திருப்பித் தரவும் முடியாது, திறந்த பெட்டியை எந்தக் கடையும் வாங்காது. குப்பையில் போட மனம் வரவில்லை. விற்கலாமா என்று தேடினால் தமிழில் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் துண்டு துண்டாகக் கிடைத்ததை வைத்துத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஆறில் மூன்று விற்றன. மீதி மூன்றை விற்கவே கூடாது என்று புரிந்தது, அது ஏன் என்பதுதான் இந்தப் பதிவில் நீளமாக வரும்.

இதைப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். கூச்சத்தால் யாரிடமும் கேட்காமல் செய்யும்போதுதான் வாங்குபவர் உடம்புக்கும் விற்பவர் பெயருக்கும் கெடுதல் வருகிறது.

முதலில், எங்கே விற்கக் கூடாது. ஈபே 2021 ஜூன் மாதமே வயது வந்தோருக்கான பிரிவை மூடிவிட்டது. எட்ஸி 2024 ஜூலை 29 முதல் இவற்றை அனுமதிப்பதில்லை. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் தடை. "மசாஜர்" என்று பெயர் மாற்றிப் போடலாமே என்று தோன்றும், போடாதீர்கள். கணக்கு மூடப்பட்டால் அதில் இருக்கும் உங்கள் பழைய விற்பனைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் சேர்ந்து போகும். மிச்சம் இருப்பது டிஸ்கார்ட் போன்ற அரட்டைத் தளங்களில் இதற்கென்றே இருக்கும் மறுவிற்பனைக் குழுக்கள்தான். வயதுச் சரிபார்ப்பு, விற்பவர் பற்றிய மதிப்புரைப் பட்டியல், கேட்டால் பதில் சொல்லும் மட்டுறுத்துநர் (மாடரேட்டர்), இந்த மூன்றும் இல்லாத குழுவில் நான் கால் வைப்பதில்லை. சேர்ந்ததும் விற்க ஆரம்பிக்காமல் இரண்டு வாரம் சும்மா படியுங்கள், விலை எப்படிப் போகிறது என்று தானாகப் பிடிபடும்.

அடுத்தது பொருள் எதனால் ஆனது என்பது. நான் சறுக்கிய இடம் இதுதான்.

நுண்துளை இல்லாத பொருட்களை மட்டுமே விற்கலாம்: 100 சதவீத சிலிகோன், போரோசிலிகேட் கண்ணாடி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜெல்லி, பிவிசி, டிபிஇ, தோல் மாதிரியே இருக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மென்மையான ரப்பர் வகைகள் எல்லாம் நுண்துளை உள்ளவை. எவ்வளவு கழுவினாலும் உள்ளே தங்கியதை எடுக்க முடியாது. 2014-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 12 பெண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. டிபிஇ வைப்ரேட்டரைச் சுத்தம் செய்து 24 மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் ஹெச்பிவி வைரஸின் தடயம் சிலவற்றில் இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் குடும்பம் அது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் உடம்புக்கு அதை அனுப்பிவைக்க எனக்கு உரிமை இல்லை.

சரி, என்னிடம் இருந்த ஊதா நிறப் பொருளின் பெட்டியில் "சிலிகோன்" என்று பெரிதாக அச்சடித்திருந்தது. நம்பினேன். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்கவைத்து உள்ளே போட்டேன். இரண்டு நிமிடத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் சுழன்றது, சமையலறை முழுக்கப் புது ஷவர் திரையின் வாடை. இடுக்கியால் தூக்கினால் அடிப்பக்கம் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுத்தது. சிலிகோன் அப்படிச் செய்யவே செய்யாது, 100 டிகிரியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. இவ்வளவு நாள் அதைத்தான் நான் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது அன்றைக்கு நெடுநேரம் மனதை அரித்தது.

அதனால் கொதிக்கவைக்கும் முன் இதைச் செய்யுங்கள். முகர்ந்து பாருங்கள், நல்ல சிலிகோனுக்கு வாடையே இருக்காது. ரசாயனமோ இனிப்போ மணத்தால் ஒதுக்கி வையுங்கள். உள்ளே ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்து, தொட்டால் பிசுபிசுத்தால் பெரும்பாலும் ஜெல்லி வகைதான். நெருப்பு வைத்துச் சோதிக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு, அதை நான் ஆதரிக்கவில்லை, கலப்படச் சிலிகோனும் அதில் தேறிவிடும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, தயாரித்தவர் யார் என்று தெரியாத பொருளை விற்காதீர்கள்.

சுத்தம் செய்வது. மோட்டார் இல்லாத சிலிகோன் என்றால் முதலில் மணமில்லாத சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அடிப்பாகத்தின் உறிஞ்சு வளையம், வரிகள், மடிப்புகள் இதற்கெல்லாம் ஒரு புதுப் பல்துலக்கி. அப்புறம் பாத்திரத்தின் அடியில் ஒரு பருத்தித் துணியை விரித்து (இட்லித் தட்டில் போடுவோமே, அந்த மாதிரி) தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உள்ளே விட்டு நான் 10 நிமிடம் வைக்கிறேன். துணி இல்லாவிட்டால் அடியில் பட்ட இடத்தில் தடம் விழலாம். கண்ணாடியைக் கொதிநீரில் சட்டென்று போடக் கூடாது, விரிசல் விடும். அதற்கு 1 பங்கு ப்ளீச், 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, பிறகு வாடை போகும்வரை அலசுங்கள். வெறும் ஆல்கஹால் துடைப்பானை நம்பாதீர்கள், ஹெச்பிவிக்கு அது போதாது. கழுவியதை டிஷ்யூவால் துடைக்காதீர்கள், சிலிகோன் பஞ்சை இழுத்துக்கொள்ளும். பூனை வளர்ப்பவர்கள் காற்றில் உலர்த்தும்போது கதவைச் சாத்திவிடுங்கள்.

மோட்டார் உள்ளதைக் கொதிக்கவைக்க முடியாது. மூடி சேரும் இடத்தில் நூலளவு இடுக்கு இருந்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. முதல்முறை விற்பவர்கள் மோட்டார் இல்லாததோடு நின்றுகொள்ளுங்கள். செயலியோடு இணையும் வகை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். வீ-வைப் என்ற வைப்ரேட்டரைத் தயாரித்த நிறுவனம், தன் செயலி வழியாகப் பயனர்களின் பயன்பாட்டுத் தகவலைச் சேகரித்தது தொடர்பான வழக்கில் 2017-இல் சமரசத் தொகை தர ஒப்புக்கொண்டது. உங்கள் கணக்கை நீக்கி, ப்ளூடூத் இணைப்பை அழிக்காமல் அந்த மாதிரிப் பொருளைக் கைமாற்றாதீர்கள்.

படம் எடுப்பது. வெள்ளைத் துணி, ஜன்னல் வெளிச்சம், பக்கத்தில் ஒரு அளவு நாடா. கீறல், காற்றுக்குமிழ், நிறம் மங்கிய இடம் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள், எத்தனை முறை பயன்படுத்தியது என்றும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். குழுவில் உங்கள் புனைபெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டைப் பொருளோடு வைத்து ஒரு படம் கேட்பார்கள், திருட்டுப் படம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. படத்துக்குள் இடம் பற்றிய தகவல் ஒளிந்திருக்கும். ஐபோனில் பகிரும்போது மேலே "ஆப்ஷன்ஸ்" தொட்டு லொகேஷனை அணையுங்கள். கண்ணாடி, ஸ்டீல் பொருட்களில் இன்னொரு ஆபத்து: என் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளைந்த ஸ்டீலில் என் முகமும் பின்னால் சுவரில் மாட்டிய அம்மா அப்பா கல்யாணப் படமும் தெளிவாகத் தெரிந்தன. நல்லவேளை, ஏற்றும் முன்பே பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தையும் கடைசிவரை பெரிதாக்கிப் பார்க்காமல் போடுவதில்லை.

பணம். புது மின்னஞ்சல், அதில் உண்மைப் பெயர் கிடையாது. வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியில் பரிமாற்றங்கள் நீங்கள் மாற்றாதவரை பொதுவில் தெரியும், அத்தை பையனும் அலுவலக நண்பரும் அதே செயலியில்தான் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு வழியாகப் பணம் அனுப்பும் ஸெல் உங்கள் பெயரைக் காட்டிவிடும். நான் பேபாலில் வணிகக் கணக்கு திறந்து, குடும்பப் பெயரோடு சம்பந்தமில்லாத ஒரு கடைப் பெயரை வைத்துக்கொண்டேன். செக்ஸ் சார்ந்த பொருட்களுக்கு அங்கே தனி விதிப் பக்கம் உண்டு, படித்துவிட்டு இறங்குங்கள். நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் கேட்பவர் மீது இந்தக் குழுக்களில் யாருக்கும் நம்பிக்கை வராது, கட்டணம் போனாலும் பொருட்களுக்கான முறையிலேயே வாங்குங்கள். விலை? 130 டாலர் பொருள் 60-க்குப் போனது, நான் அதில் திருப்திதான்.

கழுவாமல் அனுப்ப முடியுமா, போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்புவீர்களா என்று கேட்டு வருபவர்கள் கட்டாயம் உண்டு. பதில் எழுதாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், தடுத்துவிட்டு மட்டுறுத்துநரிடம் சொல்லுங்கள். எனக்கு வந்த முதல் மூன்று செய்திகளில் இரண்டு இப்படித்தான், அன்றைக்கே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது செய்தி, பிரசவத்துக்குப் பிறகு மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கிறேன், புதிது வாங்க வசதியில்லை, சிறிய அளவு இருக்கிறதா என்று கேட்ட ஒரு பெண்ணுடையது. அவருக்குத்தான் முதலில் விற்றேன்.

அனுப்புவது. ஜிப் பை, அதன் மேல் குமிழி உறை, புதிய சாதாரண அட்டைப்பெட்டி. பழைய பெட்டியை எடுத்தால் முன்பு ஒட்டிய லேபிளின் ஓரத்தில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். லேபிளுக்கு எனக்குப் பிடித்தது பைரேட் ஷிப் என்ற இணையதளம், இலவசம், வீட்டிலேயே அச்சிடலாம். அனுப்புநர் முகவரிக்கு வீட்டு எண்ணைப் போடாமல் ஒரு தபால் பெட்டி எண் எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமாவுக்கு அனுப்பாதீர்கள். 1998-இல் வந்த சட்டப்படி அங்கே இவற்றை விற்பதே குற்றம், 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டெக்சாஸில் இருந்த அதே மாதிரித் தடை 2008-இல் நீதிமன்றத்தில் விழுந்துவிட்டது, அங்கே அனுப்பலாம்.

பின்சேர்க்கை 1: மோட்டார் உள்ளதைத்தான் விற்கப் போகிறேன் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார், இன்னொருவர் அவருக்குச் சொன்ன விஷயம் எனக்கே தெரியாதது. லித்தியம் பேட்டரி உள்ள பயன்படுத்திய சாதனம் எதுவானாலும், போன் உட்பட, அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ் 2022 முதல் விமானத்தில் ஏற்றுவதில்லை. கிரவுண்ட் அட்வான்டேஜ் போன்ற தரைவழிச் சேவையில்தான் அனுப்ப வேண்டும், பெட்டி மேல் "ரெஸ்ட்ரிக்டட் எலக்ட்ரானிக் டிவைஸ்", "சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் ஒன்லி" என்று எழுத வேண்டும். உள்ளே என்ன என்பதை எழுத வேண்டியதில்லை. வெளிநாட்டுக்கு இப்படி அனுப்பவே முடியாது.

பின்சேர்க்கை 2: சென்னையிலிருந்து இரண்டு பேர், இங்கே இப்படி விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்யமாட்டேன். 2011-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், இவை பாலியல் தொடர்பானவை என்பதாலேயே ஆபாசம் ஆகிவிடாது என்று சொல்லியிருக்கிறது, அது நல்ல தீர்ப்பு. ஆனால் ஆபாசப் பொருள் விற்பனைக்கான சட்டப்பிரிவு (முன்பு இ.பி.கோ. 292, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 294) அப்படியே இருக்கிறது. புகார் என்று ஒன்று போனால் தனி ஆளாக நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 3: விற்க முடியாததை என்ன செய்வது? என்னுடைய மூன்றில் பேட்டரி இல்லாதவற்றைச் சமையலறைக் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டித் தடித்த பையில் கட்டிக் குப்பையில் போட்டேன், யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, ஹோம் டிப்போ கடை வாசலில் இருக்கும் பேட்டரிப் பெட்டியில் போடுங்கள். கழற்ற வராததை நெம்பாதீர்கள், தீப்பிடிக்கும். உங்கள் ஊர் மின்கழிவு சேகரிக்கும் நாளில் முழுதாகவே கொடுத்துவிடுங்கள், பழுப்புக் காகிதத்தில் சுற்றித்தான் நான் கொடுத்தேன், பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள்.