எல்லையோரத்துக் கல்யாணப் பத்திரிகை: தமிழும் மலையாளமும் சேர்ந்த அழைப்பிதழை வடிவமைக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊர்களில் வரைகலை வடிவமைப்பாளராகத் தொழில் செய்பவருக்கு இருமொழிக் கல்யாணப் பத்திரிகை தவிர்க்க முடியாத வேலை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். பெண்வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு மலையாளம் என்று அமையும்போதுதான் இரண்டு மொழிகளும் தேவைப்படும் என்று வெளியூர்க்காரர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் இரு வீட்டாரும் தமிழர்களாக இருக்கும்போதும் தேவைப்படுகிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்த பாட்டிக்கு மலையாளம் வாசிக்க வராது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு மலையாளவழிப் பள்ளியில் படித்த பேரனுக்குத் தமிழ் எழுத்துகள் பழக்கமில்லை. ஒரே வீட்டில் இருக்கும் இந்த இருவருக்காகவும்தான் பத்திரிகை வடிவமைக்கப்படுகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

எனவே கணினியைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்வது எளிது என்றாலும், அப்படி வரும் பட்டியல் அதை அனுப்பியவரின் பார்வையில் உள்ள குடும்பமாக மட்டுமே இருக்கும். பெண்ணின் தந்தை, தாய், இரு பக்கத்துப் பெரியோர் ஆகியோரை ஒன்றாக வைத்துக்கொண்டு, தாத்தா பாட்டி பெயர்கள், தாய்மாமன் பெயர், அழைப்பவர்களாகக் கையொப்பமிடுவோர், வரவேற்போர் என்ற வரிசையில் வாய்விட்டுக் கேட்டு எழுத வேண்டும். மறைந்தவர்களின் பெயருக்கு முன் ‘தெய்வத்திரு’ என்பதா ‘அமரர்’ என்பதா என்பதையும் அவர்களே சொல்லட்டும். கொங்கு வழக்கமுள்ள குடும்பங்களில் தாய்மாமன் பெயர் எந்த வரியில் வருகிறது என்பது எழுத்துருத் தேர்வைவிடப் பெரிய விஷயம். அச்சான பத்திரிகையைக் கையில் வாங்கியதும் பெரியத்தை முதலில் கேட்பது, “எங்க வீட்டுக்காரர் பேரு எங்க கண்ணு?” என்பதைத்தான். நிறத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மலையாளப் பக்கத்துக்கு உரிய விவரங்கள் வேறு. அங்கே பெற்றோர் பெயருக்கு அடுத்து வீட்டுப்பெயரும் அஞ்சலகமும் வருவது வழக்கம். உறவினர் பட்டியல் குறைவு, வாசகமும் சுருக்கம். தமிழ்ப் பக்கமோ ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி ஆண்டு, மாதம், கிழமை, நட்சத்திரம், லக்கினம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மணமக்களின் பெயருக்கு வரும். ஒன்றை வரிக்கு வரி மற்றொன்றாக மாற்றினால் இரண்டுமே ஒட்டாமல் நிற்கும். தமிழ் வாசகத்தைத் தமிழ்வீட்டாரும் மலையாள வாசகத்தை அந்த மொழியில் பத்திரிகை எழுதிப் பழகிய ஒருவரும் தனித்தனியே எழுதட்டும். பெயர்கள், நாள், நேரம், மண்டபம் ஆகிய நான்கு மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் போதும்.

அந்த நான்கில் அதிகம் சறுக்குவது நாள்தான். தமிழ் ஆண்டு சித்திரையில் மாறுகிறது. கொல்லம் ஆண்டு ஆவணிக்கு இணையான சிங்ஙத்தில் மாறுகிறது. விசுவாவசு ஆண்டு 2025 ஏப்ரல் 14 அன்று பிறந்தது. கொல்லம் 1201 அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்றுதான் பிறந்தது. ஆகவே பழைய பத்திரிகையின் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவோர், இரண்டு ஆண்டுப் பெயர்களில் ஒன்றை மாற்ற மறந்துவிடுவார்கள். இதைவிட நுட்பமான சிக்கல் மாதத் தேதியில் இருக்கிறது. சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம் சூரிய மறைவுக்கு முன் அமைந்தால் தமிழ்க் கணக்கில் அன்றே மாதம் பிறந்துவிடும். மலையாளக் கணக்கிலோ பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் அது நிகழ்ந்தால்தான் அன்று மாதப் பிறப்பு, இல்லையென்றால் மறுநாள். 2023-இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14 அன்றும் விஷு 15 அன்றும் வந்ததற்கு, அந்த நுழைவு பிற்பகலில் நிகழ்ந்ததே காரணம். எனவே தமிழில் ‘சித்திரை 10’ என்றிருப்பதை மலையாளத்தில் ‘மேடம் 10’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. தமிழ் நாட்காட்டி ஒன்றும் மலையாள நாட்காட்டி ஒன்றும் மேசையருகே எப்போதும் தொங்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு இவை இரண்டும் மென்பொருளுக்குச் சமமான கருவிகள்.

ஊர்ப்பெயரில் ஓர் எச்சரிக்கை. சித்தூர் என்று மட்டும் அச்சிட்டால் வேலூர், திருத்தணிப் பக்கத்து உறவினர்கள் ஆந்திரத்துச் சித்தூரை நினைத்துக்கொள்வார்கள். ‘பாலக்காடு மாவட்டம்’ என்பதைச் சேர்ப்பதற்கு ஒரு வரி செலவானால் ஆகட்டும்.

இனி வடிவமைப்பு. இரண்டு மொழிகளையும் ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி அமைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கண் ஒவ்வொரு முறையும் வேண்டாத வரியைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதோடு, எந்த மொழி மேலே என்ற வழக்கும் கிளம்பும். இரண்டு முகப்புகள் கொண்ட அட்டையே சிறந்தது: ஒரு பக்கம் தமிழ் முகப்பு, அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் மலையாள முகப்பு. இரண்டுக்கும் தனித்தனியே பிள்ளையார் உண்டு, மணமக்களின் பெயர் உண்டு, பின்பக்கம் என்று எதுவும் இல்லை. சம்பந்தி வீட்டார் இருவரும் தங்கள் மொழியே முன்னால் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்கும்போது இரு மொழிகளுக்கும் சேர்த்து வரையப்பட்ட எழுத்துருக் குடும்பங்களைத் தேடுவது நல்லது. நோட்டோ செரிஃப், அனெக் ஆகியவை இரு மொழிகளிலும் கிடைக்கின்றன. பலூ குடும்பத்தில் தமிழ் எழுத்துருவுக்குத் ‘தம்பி’ என்றும் மலையாள எழுத்துருவுக்குச் ‘சேட்டன்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். வளைகாப்புக்கும் பிறந்தநாளுக்கும் இந்த உருண்டை எழுத்து பொருந்தும், முகூர்த்தப் பத்திரிகைக்குச் சற்று விளையாட்டாகத் தோன்றும். மலையாளத்துக்கு ரசனா, மீரா ஆகியவை பழைய கூட்டெழுத்துகளைக் காப்பவை. 1971-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பிரிக்கப்பட்ட பல கூட்டெழுத்துகள் இவற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வருவதால், முதியோருக்குப் பழக்கமானதாகவும் பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த அடுக்குகள் கீழிறங்கி அடுத்த வரியைத் தொடும் என்பதால் வரி இடைவெளியைத் தமிழ்ப் பக்கத்தைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். அளவைப் புள்ளிக் கணக்கில் சமமாக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தமிழின் பகரத்தையும் மலையாளத்தின் பகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உயரம் ஒத்துவரும் வரை ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். கோட்டின் தடிமனும் அப்படியே. வட்டமான மலையாள எழுத்துகள் அதே தடிமனிலும் கறுத்துத் தெரியும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்வோர், இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பு (World-Ready Paragraph Composer) இயங்குகிறதா என்று பார்த்த பிறகே தட்டச்சைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒகர, ஓகாரக் குறிகள் இடம் மாறியும் கூட்டெழுத்துகள் உடைந்தும் நிற்கும். இன்னோர் ஆபத்து அச்சகத்தில் காத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவது யூனிகோடு. பழைய அச்சகக் கணினிகளிலோ பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களே இன்னும் புழங்குகின்றன. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு, அதாவது உயிரொலி சேராத தனி மெய்யெழுத்துகளுக்கு, 2008-இல்தான் தனிக் குறியீடு கிடைத்ததால், அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அவை கட்டங்களாகத் தெரியலாம். ஆகவே அச்சகத்தில் யாரையும் மறுபடி தட்டச்சு செய்ய விடாமல், எழுத்துகளை வரைகோடுகளாக (outlines) மாற்றிய பிடிஎஃப் கோப்பையே கொடுக்க வேண்டும். மாற்றாத மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.

அலங்காரத்தில் என் கருத்து கறாரானது. கேரளம் என்றவுடன் கதகளி முகத்தையும் படகையும் மூலையில் ஒட்டுவது தொலைவிலிருந்து பார்ப்பவரின் கேரளம். மழை குறைந்த இந்தக் கிழக்குப் பகுதியில் வயல் வரப்பில் நிற்பவை பனைகள். ஓர வரைவுக்குப் பனையோலையின் விசிறி மடிப்பு போதும். மலையாள முகப்பில் கசவுக் கரையின் பொன்கோடும் தமிழ் முகப்பில் பட்டுக் கரையின் அரக்குச் சிவப்பும் அதனோடு இணங்கும். கணபதியைப் பொன்தாளில் அழுத்தி எடுப்பதென்றால் நுண்ணிய கோடுகளைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அவை அடைத்துக்கொள்ளும். சிவகாசி ஆயத்த அட்டைகளில் வாசகம் மட்டும் அச்சிடும் குடும்பங்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே கோணலில்லாத வரி அமைப்பே வடிவமைப்பு.

படங்கள் 300 டிபிஐ, நான்கு வண்ண முறை, வெட்டுக்கு எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் என்ற வழக்கமான கணக்கு இங்கும் பொருந்தும். எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் வைக்க வேண்டும். நான்கு மைகளும் கலந்த கறுப்பில் வைத்தால், தட்டுகள் ஒரு மயிரிழை விலகினாலும் சிறிய மலையாள எழுத்துகளின் வளையங்கள் மங்கிவிடும்.

மெய்ப்பைத் திரையில் காட்டி ஒப்புதல் வாங்கக் கூடாது. உண்மையான அளவில் அச்செடுத்து, தமிழ்ப் பக்கத்தை ஒரு பெரியவரும் மலையாளப் பக்கத்தை ஒரு மாணவரும் உரக்க வாசிக்கச் சொல்லி, நீங்கள் முதல்நாள் எழுதிய குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்க வேண்டும். வாசிப்பவர் தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் பிழை இருக்கும், அல்லது வரி முறிந்த இடம் தவறாக இருக்கும். பிறகு இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் அந்தத் தாளிலேயே கையொப்பமிட வேண்டும்.

வாட்ஸ்அப்புக்கான படத்தை மொழிக்கு ஒன்றாகத் தனித்தனியே 1080க்கு 1920 பிக்சல் என்ற அளவில் செய்துகொடுத்து, மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூஆர் குறியை அட்டையில் மட்டும் வைக்கலாம். கைபேசிக்குள் இருக்கும் படத்தை அதே கைபேசியால் வருடுவது பலருக்கும் தெரியாது, அவர்களுக்கு இணைப்பாக அனுப்புவதே நல்லது. உறைக்குப் பளபளப்புப் பூச்சு வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். உறவினர் பெயரைப் பெரியவர்கள் பேனாவால் எழுதுவார்கள். பூச்சின்மேல் மை நிற்காது. அட்டையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவார்கள் என்பதால், ஒரு விரல் அகலத்துக்கு அங்கே எழுத்தோ கோடோ வராமல் விட்டுவிடுவது நல்லது.