இன்டீரியர் ரெண்டர்: நம்ம ஊர் வெயிலுக்கும் கடை பல்புக்கும் ஒத்துப்போக

வீடு முடிந்ததும் கிளையன்ட் உங்கள் ரெண்டரை (கட்டும் முன் கணினியில் உருவாக்கிய அறைப் படம்) மொபைலில் திறந்து, ஹாலில் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பார். லேமினேட்டும் பெயின்ட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வெளிச்சம்தான் காலை வாரும். அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். இங்கே சொல்வது மாடல் வரையும் ஸ்கெட்ச்அப், அதைப் படமாக்கும் வி-ரே வைத்து. வேறு மென்பொருளிலும் கணக்கு இதேதான்.

முதலில் சூரியனை ஊருக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கெட்ச்அப்பின் வழக்கமான டெம்ப்ளேட் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில், வட அட்சரேகை 40 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். அங்கே டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 27 டிகிரி உயரம்கூட ஏறாது. தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறை நடுவரை கொட்டும். கிருஷ்ணகிரி 12.5 டிகிரி வடக்கு, 78.2 கிழக்கு, தருமபுரி 12.1. இங்கே அதே நாளில் சூரியன் 54 டிகிரியில் நிற்கும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நேர் உச்சிக்கு வரும். ஜூனில் உச்சியைத் தாண்டி வடக்கே சாயும். மாடல் இன்ஃபோவில் ஜியோ-லொகேஷனை (இடத்தின் அட்ச, தீர்க்க ரேகை) கையால் நிரப்பி, நேர மண்டலத்தை UTC +5:30 ஆக்கிவிட்டு, மனையின் வடக்கு பச்சை அச்சோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிளானில் வடக்கு அம்பு சாய்ந்திருந்தால் மாடலையும் அவ்வளவு திருப்ப வேண்டும்.

அடுத்தது சன்ஷேட், அதாவது ஜன்னலுக்கு மேலே வெளியே நீளும் சிலாப். உள்வேலை தானே என்று இதை வரையாமல் விடுபவர்கள் அதிகம். ரெண்டர் பொய்யாவது இங்கேதான். லிண்டல் (ஜன்னலின் மேல்மட்டம்) 7 அடி, சில் (கீழ்மட்டம்) 3 அடி, லிண்டல் மட்டத்தில் சன்ஷேட் 2 அடி, சுவர் 9 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு ஜன்னலில் டிசம்பர் நண்பகல் வெயிலில் தரைக்கு வருவது, சுவரிலிருந்து இரண்டே கால் அடி தள்ளி இரண்டு அங்குல அகலக் கோடு மட்டுமே. அதே அளவுள்ள கிழக்கு ஜன்னலில், மார்ச் மாதக் காலை 8 மணிக்குச் சூரியன் சுமார் 23 டிகிரியில் இருக்கும். வெயில் சுவரிலிருந்து 7 அடியில் தொடங்கி பதிமூன்றரை அடி வரை விழும். ஹால் நடுவே வெயில் வேண்டும் என்றால் அந்த ஜன்னலையும் அந்த நேரத்தையும் எடுங்கள். தெற்கு ஜன்னலில் நண்பகலை வைத்துவிட்டுச் சூரியனை இஷ்டத்துக்குத் திருப்பாதீர்கள். கிரில்லையும் வரையுங்கள். தரையில் விழும் கம்பி நிழல்தான் படத்தை நம்ம வீடாக்குகிறது.

சுவர்களைத் தடிமனோடு வரையுங்கள்: வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் நாலரை. ஒற்றை முகமாக விட்டால் மூலைகளில் வெளிச்சம் கசிந்து, கூரை ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

இனி மெட்டீரியல் ஓவர்ரைடு போட்டு, எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கி, சூரியனையும் வானத்தையும் மட்டும் வைத்து ஒரு சிறிய டெஸ்ட் ரெண்டர் ஓட்டுங்கள். கேமராவின் எக்ஸ்போஷர் வேல்யூ (எண் குறைந்தால் படம் வெளிச்சமாகும்) வெளிப்புறத்துக்கான 14-ஐ ஒட்டி இருக்கும். உள்ளே கும்மிருட்டாகத் தெரிவது அதனால்தான். பகல் காட்சிக்கு 8 அல்லது 9, இரவுக்கு 6 அல்லது 7. இருட்டைப் போக்க அறைக்குள் மறைவாக நாலு பெரிய ரெக்டாங்கிள் லைட் போடுவது கெட்ட பழக்கம். நிழல் செத்துப்போகும், சோபா தரையில் உட்காராமல் மிதக்கும்.

விளக்குகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். யூனிட்டை லூமனுக்கு (விளக்கு தரும் ஒளியின் அளவு) மாற்றி, கடையில் கிடைப்பதையே போடுங்கள்: 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமன், 20 வாட் டியூப் சுமார் 2000. ஃபால்ஸ் சீலிங் ஸ்ட்ரிப்புக்கு, மீட்டருக்கு எத்தனை லூமன் என்பதை நீளத்தால் பெருக்கிக் கணக்கிடுங்கள். ஸ்ட்ரிப்புக்கும் சீலிங்குக்கும் நடுவே 4 அங்குலமாவது இடைவெளி வேண்டும். குறைந்தால் பரவலான ஒளிக்குப் பதில் ஒரு கோடுதான் எரியும். ஸ்பாட் லைட்டுக்கு ஐஇஎஸ் கோப்பு (விளக்கின் ஒளி எப்படிப் பரவும் என்ற தகவல்) போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள்.

ஃபேனை மறக்காதீர்கள். 48 அங்குல ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து 2 அடி ஓடும். டவுன்லைட் (சீலிங்கில் பதித்த விளக்கு) அந்த வட்டத்துக்கு மேலே வந்தால் வீட்டில் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். மையத்திலிருந்து 3 அடி தள்ளுங்கள். ரெண்டரில் ஃபேனே இல்லாவிட்டால் கிளையன்ட் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

நிறத்தில்தான் பெரிய சண்டை வரும். ரெண்டரில் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் சாயும் வாம் ஒயிட், வீட்டில் எலக்ட்ரீஷியன் மாட்டியதோ 6500 கூல் ஒயிட். தேன் நிற வெனீர் வெளிறிப்போய்விட்டது என்று பழி உங்கள் தலையில் விழும். கோவ் (ஃபால்ஸ் சீலிங் ஸ்ட்ரிப்) 3000, பொது விளக்கு 4000, பூஜை அறை 3000 என்று முடிவு செய்து, வாட்டோடும் கெல்வினோடும் ரெண்டரின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். வி-ரேயில் லைட் மிக்ஸ் போட்டால், ஒரே ரெண்டரில் விளக்குகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கி எல்லாம் எரியும் காட்சி, கோவ் மட்டும் எரியும் காட்சி இரண்டையும் எடுக்கலாம்.

இப்போது கேமரா. உயரம் 4 அடி. கிச்சனில் மேடை மேல்பரப்பு தெரிய நாலரை, பெட்ரூமில் மூன்றரை. நின்று பார்க்கும் கண் உயரத்தில் வைத்தால் தரை அளவுக்கு மேல் இடம் பிடித்து, 10 அடிச் சீலிங் தாழ்ந்துபோன மாதிரி தெரியும். டூ-பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ் போட்டுச் செங்குத்துக் கோடுகளை நேராக்குங்கள். லென்ஸ் 24 முதல் 28 மில்லிமீட்டர். 18-க்குக் கீழே போனால் ஓரத்துச் சோபா இழுபட்டு, 10-க்கு 12 பெட்ரூம் கல்யாண மண்டபமாகிவிடும். அப்புறம் கட்டில் போட்டதும் நடக்க இடமில்லை என்பார்கள். சின்ன அறையில் கேமராவைச் சுவருக்கு வெளியே வைத்து, கிளிப்பரால் சுவரை வெட்டுங்கள். "கேமரா கதிர்களுக்கு மட்டும்" என்ற தேர்வைப் போட மறந்தால், வெட்டிய பக்கமாக வெயில் உள்ளே வந்து முழு லைட்டிங்கையும் கெடுக்கும்.

ஒரு காட்சிக்கு ஒரு பொருளே நாயகன். டிவி யூனிட்தான் என்றால் அதற்கு நேரெதிரே கேமரா; பூஜைக் கதவும் படிக்கட்டும் சேர்ந்து தெரிய வேண்டும் என்றால் மூலையிலிருந்து. அலங்காரப் பொருளைக் குறையுங்கள். பழத்தட்டு வைத்தே ஆக வேண்டுமானால் மாம்பழம் வையுங்கள், கிருஷ்ணகிரியில் டிராகன் ஃப்ரூட் எதற்கு? ஜன்னலுக்கு வெளியே பைன் மரம் வேண்டாம். மனையில் பகலில் எடுத்த மொபைல் படத்தைப் பின்னணியாக்கி, உள்ளறையைவிடச் சற்று வெளுப்பாக விடுங்கள்.

மெட்டீரியலில் இரண்டே எச்சரிக்கை. வெள்ளைச் சுவரின் ஆர்ஜிபி நிற எண்ணை 255 (முழு வெள்ளை) ஆக்காதீர்கள், 230 போதும். இல்லாவிட்டால் ஒளி அடங்காமல் எதிரொளித்து அறை தட்டையாகும். உள்ளூர் கிரானைட் என்றால் வாங்கப்போகும் ஸ்லாபையே நிழலில் நேராகப் படமெடுத்து, அதன் நிஜ அளவில் போடுங்கள். நெட்டில் எடுத்த டெக்ஸ்சரில் ஒரே புள்ளி இரண்டடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்.

ஏ3 பிரின்ட்டுக்கு 2480-க்கு 1754 பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, இருண்ட மூலைகள் கட்டம் கட்டமாகும், டாகுமென்டாக அனுப்புங்கள். மொபைலில் கண் பாதுகாப்பு மோடு ஆனில் இருந்தால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும், அதை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.